பார்வைக்கு மதிப்பெண்

அந்த அலுவலகத்தில் யாருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் நிலைத்ததில்லை. சேர்ந்த ஒரு மாதத்துக்குள் யாராவது ஒரு பட்டப்பெயரைச் சூட்டிவிடுவார்கள். அப்புறம் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உண்மைப் பெயரைப் பார்க்க முடியும். அவள் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். மற்றவர்கள் எழுதிய கணினி நிரலைப் போட்டு உலுக்கி, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. அதனால் அவளுக்கு வில்லங்கம் என்று பெயர். "வில்லங்கம் வருது, பெட்டிய மூடு" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். அவள் கணவர் நிரல் எழுதுகிறவர்களுக்கெல்லாம் மூத்தவர், பிறர் எழுதியதைப் படித்து ஒப்புதல் தருகிறவர். அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பூதக்கண்ணாடியும் வில்லங்கமும் கல்யாணம் செய்துகொண்டபோது, இனி இந்தக் கட்டடத்தில் ஒரு தப்பும் உயிரோடு தப்பாது என்று கேலி செய்தார்கள். அவர்கள் சொன்னது பதினான்கு வருடம் பலித்தது.

அவர்கள் எழுதியது விளையாட்டுச் சாமான் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருக்குமே, இவ்வளவு நேரத்தில் இவ்வளவு துளி என்று அளந்து நரம்புக்குள் மருந்து விடும் பம்ப், அதற்குள் ஓடும் நிரல். ஒரு வரி பிசகினால் ஓர் ஆள் போய்விடுவார். ஆகவே ஒருவர் எழுதினால் இன்னொருவர் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி. புரிந்துதான் போட்டாரா, இல்லை மதியத் தூக்கக் கலக்கத்தில் போட்டாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் விடைகள் கழிவறைச் சுவர் வரைக்கும் வந்துவிட்டன. படித்தவர்களுக்கு இதையெல்லாமா சொல்லித்தர வேண்டும்? அப்புறம்தான் கண்ணை அளக்கும் கருவி வந்தது.

திரைக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஒரு கறுப்புப் பட்டை, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை விழியில் பாய்ச்சி, படிக்கிறவரின் பார்வை எந்த வரியில் எத்தனை நொடி நின்றது, அங்கிருந்து எங்கே தாவியது என்று பதிவு செய்துகொள்ளும். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆய்வுக்காரப் பெண்ணும் வந்து சேர்ந்தாள். அவளைக் கண்ணுக்காரி என்றார்கள். முதல் நாள் எல்லோரையும் கூட்டி வைத்து அவள் விளக்கினாள்.

"புதுசா கத்துக்கிறவங்க நிரலைக் கதைப் புத்தகம் மாதிரி மேலேருந்து கீழ வரைக்கும் வரிவரியா படிப்பாங்க. விஷயம் தெரிஞ்சவங்க அப்படிப் படிக்க மாட்டாங்க. வேலை எங்க தொடங்குதோ நேரா அங்க போவாங்க. அது எதைக் கூப்பிடுதோ அங்க தாவுவாங்க, மறுபடி திரும்பி வருவாங்க. நிரல் ஓடுற வழியிலயே கண்ணும் ஓடும்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா கண்ணு எங்க நின்னுச்சுன்னுதான் இது சொல்லும். அதுக்கு மேல சொல்றதெல்லாம் நம்ம ஊகம்" என்றாள்.

முதலில் சொன்னதை எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். இரண்டாவதாகச் சொன்னதை ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை. மேனேஜர் அம்மாள் கண் ஓடும் வழிக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் போட வைத்தார். எண்பத்தைந்துக்கு மேல் வாங்கிவிட்டால் அந்தக் கோப்பை இன்னொருவர் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஒப்புதல் கொடுத்தவரே சந்தேகம் என்று சொன்னால் ஒழிய.

கருவியின் முன் முதல் ஆளாக உட்கார்ந்தவர் பூதக்கண்ணாடிதான். அன்று அவர் படித்த விதத்தைத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளியாக ஓட்டிக் காட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் தொடங்கியது, நடுவுக்குப் பாய்ந்தது, ஒரு பெயரை மோந்து பார்த்துவிட்டு முதல் பக்கத்துக்கு ஓடியது, அங்கே ஓர் எண்ணின் மேல் நின்று யோசித்தது, திரும்பி வந்து தவறு இருந்த வரியின் மேல் உட்கார்ந்துகொண்டது. மொத்தமே நாற்பது நொடி. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அன்று முதல் புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் அந்தப் பதிவைத்தான் போட்டுக் காட்டினார்கள்.

அதற்கு நாலு மாதம் கழித்து, மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், வண்டி நிறுத்துமிடத்துப் படியில் கால் வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தார்.

மண்டை ஓட்டைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கண் விழித்ததும் மனைவியைப் பார்த்து, "என்ன, புடவைய மாத்தவே இல்லையா?" என்று கேட்டார். அவள் அப்போதே பாதி உயிர் திரும்பி வந்ததுபோல் உணர்ந்தாள். பேச்சு போகவில்லை, நடை போகவில்லை. கல்யாணத்துக்கு யார் யார் வரவில்லை என்பது வரைக்கும் நினைவில் இருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கிய அவருடைய அக்கா, முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், சீட்டாட்டத்தில் தம்பியிடம் தினமும் தோற்றார். "தலையில அடிபட்டவன்கிட்டயே ஜெயிக்க முடியல, நான் எப்படித்தான் வேலை பார்த்தேனோ" என்று, அவள் அண்ணி என்று கூப்பிடும் அந்த அக்கா அலுத்துக்கொள்வார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நிரல் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்த அன்றுதான் தெரிந்தது. விரலை வைத்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பத்தாவது வரியில் நின்றார். மறுபடி முதல் வரிக்குப் போனார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"ஒவ்வொரு சொல்லும் தெரியுது. சேர மாட்டேங்குது" என்றார்.

மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். வரலாம், வராமலும் போகலாம் என்றார். அலுவலகம் அவரைக் கைவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் ஓய்வெடுக்கட்டும், பிறகு கருவியின் முன் உட்காரட்டும், எண்பது வந்தால் பழைய நாற்காலி, வராவிட்டால் ஆவணப் பிரிவில் ஓர் இடம் என்றார்கள். ஆவணப் பிரிவு என்பது கீழ்த்தளத்தில் பழைய காகிதங்களுக்கு எண் போடும் இடம். அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து அவர் சீட்டாடுவதை விட்டுவிட்டார். திங்கட்கிழமை தோறும் ஐந்து சட்டைகளை இஸ்திரி போட்டு மாட்டினார். காலையில் கம்பெனி பஸ் போகிற நேரத்துக்குச் சரியாக ஜன்னலருகே போய் நின்றார். பஸ் போனபிறகும் நின்றார். பகையாளிக்குக்கூட அந்த முதுகைப் பார்க்கிற நிலைமை வரக்கூடாது.

அவளால் தாங்க முடியவில்லை. அதனால்தான் செய்தாள். வேறு காரணம் எதுவும் இல்லை.

"பழைய நினைவுக்கு ஒரு பிரதி குடேன்" என்று அந்தப் பதிவைக் கேட்டபோது, கண்ணுக்காரி கண் கலங்கி மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டாள். காலை ஐந்தரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் பாடம் தொடங்கியது. மடிக்கணினியில் சிவப்புப் புள்ளி ஓடியதை அவர் குனிந்து பார்த்தார்.

"யாரு இது?"

"நீங்கதான்."

"நல்லாப் படிக்கிறானே" என்றார். அவள் சிரிக்கவில்லை.

பென்சிலைத் திருப்பிப் பிடித்துத் திரையில் தட்டுவாள். தட்டிய இடத்துக்கு அவர் கண் வர வேண்டும். முதலில் கடைசிப் பக்கம். அங்கே ஒரு பெயர் கூப்பிடப்பட்டால், அதே பெயர் எங்கே பிறந்ததோ அங்கே தாவல். நிபந்தனை ஒன்று வந்தால் இரண்டு தடவை பார்க்க வேண்டும், ஒரு தடவை பார்த்தால் அசட்டையாகப் படித்ததாகக் கருவி நினைக்கும். எண் மாறுகிற இடத்தில் நின்று, அது முதலில் வைக்கப்பட்ட வரிக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஒரு மாதத்தில் பென்சிலை எடுத்துவிட்டாள். எதிரே உட்கார்ந்து அவர் விழிகளை மட்டும் பார்த்துக்கொண்டு, "சீக்கிரம் திரும்பிட்டீங்க, அங்க இன்னும் ஒரு நொடி" என்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அவள் பார்த்தது அப்படி. புதுப்புதுக் கோப்புகளைக் கொண்டுவந்தாள். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் பழகிய மாடு வீட்டுக்குத் திரும்புவதுபோல அவர் கண் சரியான வழியில் போயிற்று.

"ஏன் இந்த இடத்துல நிக்கணும்?" என்று ஆரம்பத்தில் கேட்பார்.

"நில்லுங்க, அவ்வளவுதான்."

பிறகு கேட்பதை விட்டுவிட்டார். ஒரு நாள் மட்டும், முகம் கழுவிவிட்டு வந்து துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். "கண்ணு போகுதும்மா. நான் கூடப் போகல."

"போகப் போக நீங்களும் போவீங்க" என்றாள். அதை அவள் நம்பவும் செய்தாள். கண் பழகிவிட்டால் மூளையும் பின்னாலேயே வந்துவிடும் என்று எங்கோ படித்ததாகக்கூட அவளுக்குத் தோன்றியது. நம்ப வேண்டியதை நம்புவதற்கு மனிதர்களுக்குப் பெரிய ஆதாரமெல்லாம் தேவைப்படுவதில்லை.

சோதனை நாளில் எண்பத்துநான்கு வந்தது. கடைசியில் கேட்ட நாலு கேள்வியில் மூன்றுக்குச் சரியாகச் சொன்னார். நிரலில் இருந்த பெயர்களை வைத்தே யாரும் சொல்லிவிடக்கூடிய கேள்விகள் அவை. கண்ணுக்காரி பழைய பதிவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, "அச்சு அசல் அப்படியே!" என்று கையைத் தட்டினாள். அலுவலகமே தட்டியது. வில்லங்கம் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவர் மறுபடி பஸ் ஏறினார். இஸ்திரி போட்ட சட்டைகள் உடம்புக்கு வந்தன. நன்றாகச் சாப்பிட்டார், அண்ணியைச் சீட்டில் தோற்கடித்தார். ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. முன்பெல்லாம் வீடு திரும்பும் வழியில், அன்றைக்குப் படித்த நிரலை எழுதியவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு வருவார். இப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவளும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் பதினொரு கோப்புகளுக்குக் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டாவது கோப்பை எழுதியவன் புயல். இருபத்தாறு வயது, தட்டச்சு வேகத்துக்காக வந்த பெயர். பம்பை நர்ஸ் இடையில் நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டால், மிச்சம் எவ்வளவு மருந்து போக வேண்டும் என்று கணக்கிடும் பகுதி அது. பூதக்கண்ணாடி படித்து ஒப்புதல் தந்திருந்தார். மதிப்பெண் தொண்ணூற்றொன்று. அடுத்து அவள் மேசைக்கு வந்தது.

எழுதி வைத்திருந்த சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிட்டது. அத்தோடு அவள் முத்திரை குத்தியிருக்கலாம். அண்ணி எப்போதோ சொன்னது காதில் இருந்தது: "ஒரு தடவ அழுத்தினா எங்களுக்கு நம்பிக்கை வராது. படபடன்னு ரெண்டு தடவ அழுத்துவோம்." அவள் கட்டைவிரலால் பம்பின் பொத்தானை நர்ஸ் மாதிரி அழுத்தத் தொடங்கினாள். நிறுத்து, ஓடு. நிறுத்து, ஓடு. முன்னூறு தடவை. அதில் ஏழு தடவை, பம்ப் அதுவரை கொடுத்த மருந்தை மறந்துவிட்டது. ஒன்றுமே கொடுக்காததுபோல முழு அளவையும் முதலிலிருந்து கொடுக்க ஆரம்பித்தது.

முத்திரையைத் தள்ளி வைத்தாள். நிரலைத் திறந்து தேடினாள். அவள் நிரல் எழுதுகிறவள் இல்லை என்றாலும் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிதான் என்று ஒரு மணி நேரத்தில் சந்தேகம் விழுந்துவிட்டது.

அவள் போய்ச் சொன்னதை மேனேஜர் அம்மாள் புயலையும் வைத்துக்கொண்டு கேட்டார். எல்லோரையும் பிள்ளைகள் மாதிரி அதட்டுவதால் அவருக்குப் பெரியம்மா என்று பெயர்.

"என் மேசையில அந்தத் தப்பு வரவே இல்லைக்கா" என்றான் புயல் அவளிடம். அவன் பொய் சொல்லவில்லை. அவன் மேசையில் பம்பின் பொத்தானை அழுத்துவது ஒரு சோதனை நிரல். அது தாளம் தவறாமல் அழுத்தும். விரல் அப்படி அழுத்தாது.

"உன் மேசை கேபிள் லூசாகி, போன வருஷமே ரெண்டு தடவ இல்லாத தப்பைக் காட்டி ஊரைக் கூட்டுச்சு" என்றார் பெரியம்மா. "நாளன்னிக்கு நாப்பது ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதுவும் இதைப் படிச்சுப் பார்த்தது யாரு? உன் வீட்டுக்காரர்! இங்க பாரு, நீ சொல்ற அதே வரியில அவர் கண்ணு மூணு தடவ நின்னிருக்கு. தொண்ணூத்தியொண்ணு. இதுக்கு மேல என்னம்மா வேணும்? வீட்டுச் சண்டையை வீட்டோட வச்சுக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் பெயருக்குச் சிரித்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டாள். "அண்ணி, பம்புல ஒரே மருந்து ரெண்டு மடங்கு போயிட்டா என்ன ஆகும்?"

"என்ன மருந்துங்கறதைப் பொறுத்தது. வலி தெரியாம இருக்கக் குடுப்போமே, அதுன்னா மூச்சு மெதுவாகும். ரொம்ப ரொம்ப மெதுவாகும். பக்கத்துல இருந்தா எழுப்பிடலாம்." அண்ணி குழாயை மூடினார். "இல்லன்னா, பாவம் இன்னிக்காவது நிம்மதியாத் தூங்கறாங்கன்னு போர்வைய இழுத்து விட்டுட்டுப் போயிடுவோம். நான் ஒருத்தருக்கு அப்படிப் போர்த்தி விட்டிருக்கேன்."

அண்ணி ஈரக் கையோடு தன் அறைக்குப் போய்விட்டார்.

கணவர் கூடத்தில் காலணிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டாள்.

"புயல் எழுதினதுல இருநூத்திப் பன்னிரண்டாவது வரி. பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அங்க எண் மாறுது. நீ சொன்ன மாதிரி நின்னேன், மேல போய் பார்த்துட்டு வந்தேன்."

"புரிஞ்சுதா?"

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "நீதான் அதை என்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டைவிரல், ஏழு தடவை, நாற்பது ஆஸ்பத்திரி, பெரியம்மா சொன்னது. பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்த வழியையும் சொன்னாள். "நீங்க நாளைக்கு ஒரு வார்த்தை சந்தேகம்னு சொன்னா போதும். விதிப்படி திறந்துதான் ஆகணும். வேற யாராவது பார்ப்பாங்க, தப்பு வெளிய வந்துடும். உங்களுக்கும் நல்ல பேருதான். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"இதுக்கு சந்தேகம்னு சொல்லிடலாம். முன்னாடி போட்ட பதினொண்ணுக்கு?"

அவள் சாய டப்பாவை எடுத்து மூடினாள்.

"அடுத்த வாரம் ஒண்ணு வரும். அதுக்கு அடுத்த வாரம் ஒண்ணு. உன் கட்டைவிரல் எத்தனையைப் புடிக்கும்?" அவர் காலணிகளை ஜோடியாகச் சேர்த்துச் சுவரோரம் வைத்தார். "அந்த நாற்காலியில உக்காரும்போது எனக்கு எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? எல்லாரும் வணக்கம் சொல்றாங்க. நான் திரையைப் பார்க்கறேன். உள்ள ஒண்ணும் நடக்கல. கண்ணு மட்டும் ஆபீசுக்குப் போயிட்டு வருது."

அவள் அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் சாயம் படாத கையால் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கருவி இருக்கும் அறையில் பெரியம்மா, புயல் உட்பட ஐந்து பேர் கூடினார்கள். பூதக்கண்ணாடிதான் கூப்பிட்டிருந்தார். அவர் நாற்காலியில் உட்கார, அவள் கதவருகே நின்றாள். கண்ணுக்காரி வழக்கம்போல் திரையின் நாலு மூலையிலும் நடுவிலும் புள்ளி காட்டிக் கருவியை அவர் கண்ணுக்குச் சரிசெய்தாள்.

"ஏதாவது ஒரு கோப்பை எடும்மா" என்றார் அவர். "எடுத்து, வரிகளையெல்லாம் குலுக்கிப் போடு. மேல இருக்கறது கீழ, கீழ இருக்கறது நடுவுல. கடவுளே வந்து படிச்சாலும் அர்த்தம் வராத மாதிரி."

"எதுக்கு சார்?"

"போடேன், சொல்றேன்."

கண்ணுக்காரி குலுக்கிப் போட்டாள். திரையில் நிரல் மாதிரி ஒன்று வந்தது. தொடக்கமில்லை, முடிவில்லை, கூப்பிட்ட பெயருக்கும் வந்த பெயருக்கும் உறவில்லை. புயல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வெறும் குப்பை" என்றான். அவர் படிக்கத் தொடங்கினார். பக்கத்துத் திரையில் சிவப்புப் புள்ளி ஓடியது. கடைசிக்குப் போனது. ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே தாவியது. நிபந்தனையில் இரண்டு தடவை நின்றது. எண் ஒன்று மாறும் இடத்தில் நிதானித்து, அதன் பிறப்பிடத்துக்கு ஒரு நடை போய்த் திரும்பியது. தேர்ந்த ஆள் ஒருவர் ஆழ்ந்து படிக்கிற அழகு அத்தனையும் அதில் இருந்தது.

மதிப்பெண் வந்தது. எண்பத்தெட்டு.

பெரியம்மா திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விழுந்த நாள்லேருந்து எனக்கு நிரல் புரியல" என்றார் பூதக்கண்ணாடி. "கண்ணை மட்டும் பழக்கி வச்சிருக்கேன். நான் கையெழுத்துப் போட்ட பன்னிரண்டையும் திறங்க. முதல்ல புயலோடதைத் திறங்க. வில்லங்கம் சொல்றது சரியாத்தான் இருக்கும், அவ மேசை கேபிள் மேல பழி போடாதீங்க."

"நீங்களா பழகினீங்களா?" பெரியம்மாவின் குரல் தேய்ந்திருந்தது.

"ஆமா" என்றார் அவர்.

"இல்ல" என்றாள் கதவருகே நின்றவள். "நான் சொல்லிக்குடுத்தேன். தினமும் காலையில. அவர் புரியலன்னு சொல்ல வந்தப்பல்லாம் நான் விடல."

கண்ணுக்காரி பழைய பதிவுகளைத் தோண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. "மூளை வேலை செஞ்சா கண் பாவை கொஞ்சம் விரியும். இவருக்கு ஒரு தடவகூட விரியல. சோதனை அன்னிக்கே பார்த்தேன். அறை வெளிச்சம் சரியில்லன்னு நினைச்சு விட்டுட்டேன்" என்றாள். "அவர் திரும்பி வரணும்னு எனக்கும் ஆசையா இருந்துச்சு."

புயல் அதற்குள் தன் மடிக்கணினியைத் திறந்து இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் போய் நின்றிருந்தான். கால் மணி நேரம் அந்த வரியைச் சுற்றி மேலும் கீழும் படித்தான். பிறகு இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டான். பெரியம்மா எழுந்து போய், நாளைக்குப் போக வேண்டிய பம்புகளை நிறுத்தச் சொல்லித் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்து அவரை மறுநாளிலிருந்து கீழ்த்தளத்து ஆவணப் பிரிவுக்கு வரச் சொன்னார். அவளை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். அதட்டாமல் சொன்னார். அந்த அம்மாள் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

கட்டடத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் இயந்திரத்தில் இரண்டு காகிதக் கோப்பையில் தேநீர் பிடித்து வந்தார். குடித்து முடித்தார்கள். பஸ் வர இன்னும் நிறைய நேரம் இருந்தது. அலுவலகத்துக்குப் போகும்போது ஏறியவர் வேறு, இனி ஏறப்போகிறவர் வேறு என்பது அவள் நெஞ்சை அறுத்தது. எட்டு மாதமாக அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவரைத் தனியாக விட்டுவிட்டு அந்தச் சிவப்புப் புள்ளியோடு குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்த வரியில அப்படி என்னதான் தப்பு?" என்று அவர் கேட்டார். "எனக்குச் சொல்லேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலிக் கோப்பைகள் இரண்டையும் பெஞ்சில் வைத்தாள். தன் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்து மூன்றாவதாக வைத்தாள்.

"இது பம்ப். இதுவரைக்கும் எவ்வளவு மருந்து போச்சுன்னு இது எண்ணிக்கிட்டே இருக்கு. இது, அந்தக் கணக்கை எழுதி வைக்கிற இடம். பழசை அழிச்சுட்டுத்தான் புதுசை எழுதும். அழிச்சாச்சு, இன்னும் எழுதல, சரியா அந்த நொடியில நர்ஸ் பொத்தானை அழுத்தினா, மூணாவது இருக்கு பாருங்க, மிச்சம் எவ்வளவு போகணும்னு கணக்குப் போடறது, இது வந்து எழுதி வைக்கிற இடத்துல பார்க்கும். அங்க ஒண்ணும் இருக்காது. அப்ப இன்னும் மருந்தே போகலன்னு நினைச்சுக்கும்."

அவர் குனிந்து மூன்றையும் வெகுநேரம் பார்த்தார். அவர் கண் எங்கே போகிறது என்று அவள் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"புரியல" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, "எது வரைக்கும் புரிஞ்சுது?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். கையை நீட்டி முதல் கோப்பையைத் தொட்டார்.

"இது வரைக்கும்" என்றார்.